தவறாகக் கட்டிய 1,890 வெள்ளி

ஐந்து பேரை வைத்துக்கொண்டு, சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் மின்கம்பி வேலைகளையும் குழாய் வேலைகளையும் துணைக் குத்தகையாக எடுத்துச் செய்யும் சிறு நிறுவனம் என்னுடையது. முதலாளியும் ஊழியரும் மாதந்தோறும் சேர்ந்து கட்டும் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியில் (மசேநி) தவறாகக் கட்டப்பட்ட பணத்தைத் திரும்பப் பெறுவதற்காகக் கடந்த ஐந்து மாதங்களாக நான் பட்ட அலைச்சலை எங்காவது கொட்டித் தீர்க்காவிட்டால் என் மனம் ஆறாது. மொத்தத் தொகை 1,890 சிங்கப்பூர் வெள்ளி. இதற்கா இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பவர்கள், அந்தப் பணத்தில் பெரும்பகுதி யாருடைய சம்பளத்திலிருந்து போனது என்பதைத் தெரிந்துகொண்டு பிறகு கேட்கட்டும்.

சம்பளத்தில் மசேநிக்குக் கட்ட வேண்டிய விகிதம் வயதைப் பொறுத்து மாறுவது சிங்கப்பூரில் சம்பளம் கொடுக்கும் எவருக்கும் தெரிந்த அரிச்சுவடி. 55, 60, 65, 70 என்று ஒவ்வொரு வயதைத் தாண்டும்போதும், பிறந்தநாள் வரும் மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் விகிதம் குறைகிறது. என்னிடம் கம்பி இழுக்கும் மூத்த அண்ணன் ஒருவருக்கு 2025 பிப்ரவரியில் 60 வயது நிறைந்தது. அதுவரை முதலாளியின் பங்கு 15.5 விழுக்காடு, ஊழியரின் பங்கு 17 விழுக்காடு என்று கட்டிவந்தது, மார்ச் முதல் 12 விழுக்காடாகவும் 11.5 விழுக்காடாகவும் இறங்கியிருக்க வேண்டும். அவருடைய 3,000 வெள்ளிச் சம்பளத்துக்கு மாதம் 705 வெள்ளி கட்டியிருந்தால் போதும். ஆனால் மார்ச் முதல் செப்டம்பர் வரை, ஏழு மாதங்களும் 975 வெள்ளி போய்க்கொண்டே இருந்தது. கூடுதலாகப் போனதில் என் பங்கு 735 வெள்ளி. அவருடைய சம்பளத்தில் பிடித்தது 1,155 வெள்ளி.

இந்தக் கணக்கைப் பார்ப்பதற்கென்றே ஒரு சம்பளக் கணக்கு நிறுவனத்துக்கு மாதம் 180 வெள்ளி கொடுத்துவந்தேன். பகலெல்லாம் ஏணியில் நிற்பவன் இரவில் விகித அட்டவணைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்றுதான் அவர்களை அமர்த்தினேன். ஊழியர்களின் பிறந்த தேதிகள் முதல் நாளிலிருந்தே அவர்கள் கையில் இருந்தன. தவற்றைக் கண்டுபிடித்தவர்களோ அவர்கள் இல்லை. அக்டோபரில் ஒருநாள் ஈசூனில் ஒரு புளோக்கின் மின்தூக்கி வாசலில், அந்த அண்ணனே தயங்கித் தயங்கி, “தம்பி, எனக்கு அறுபது முடிஞ்சிருச்சு, இன்னும் 510 வெள்ளிதான் பிடிக்கிறீங்க, அது சரிதானா?” என்று கேட்டார். சம்பளத்தைக் கேட்டு வாங்கவே கூச்சப்படும் மனிதர் அவர். அவர் அப்படிக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு இன்றைக்கும் குறுகுறுக்கிறது.

“பணம் எங்கே போய்விட்டது, அவருடைய மசேநிக் கணக்கில்தானே இருக்கிறது?” என்று அந்த நிறுவனத்தின் அதிகாரி தொலைபேசியில் சொன்னபோது எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. மசேநியின் மாதாந்திர வழங்குதொகை 65 வயதிலிருந்துதான் தொடங்கும். இந்த மாதம் மளிகைக்கும் மருந்துக்கும் கையில் வர வேண்டிய 165 வெள்ளி, ஐந்து ஆண்டுகள் கழித்து வரப்போகும் பணத்தோடு சேர்ந்துவிட்டது என்றால் அது அவருக்கு இழப்பில்லையா? மூட்டு வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்கு வருபவரிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். நவம்பர் சம்பளத்தோடு 1,155 வெள்ளியையும் என் கையிலிருந்தே அவருக்குக் கொடுத்துவிட்டேன். மேல்குத்தகைக்காரரிடமிருந்து எனக்கு வர வேண்டிய இரண்டு மாதப் பணம் அப்போது நிலுவையில் இருந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தவறாகக் கட்டிய மசேநித் தொகையைத் திரும்பப் பெற, கட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் முதலாளி விண்ணப்பிக்க வேண்டும். மார்ச் சம்பளத்துக்கான தொகை 2025 ஏப்ரல் 14ஆம் தேதி கட்டப்பட்டது. அதாவது ஒவ்வொரு மாதமும் நாங்கள் இழுத்தடிக்கப்பட, முதல் 270 வெள்ளிக்கான கெடு நெருங்கிக்கொண்டே வந்தது. அக்டோபரில் சம்பளக் கணக்கு நிறுவனத்தார் “சரிபார்க்கிறோம்” என்றார்கள். நவம்பரில், கோப்பைப் பார்த்த பெண் வேலையை விட்டுவிட்டதால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து விளக்கச் சொன்னார்கள். டிசம்பர் முழுவதும் பதிலே இல்லை. முதலாளி மசேநி கட்டத் தாமதித்தால் மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி கட்ட வேண்டும். அந்தப் பயத்தில் ஒவ்வொரு 14ஆம் தேதிக்கு முன்னும் வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் தூங்கப் போகிறேன். எங்கள் பணத்தைத் தவறாக அனுப்பியவர்களுக்கு அப்படி ஒரு பயமும் கிடையாது.

என்னால் மன்னிக்கவே முடியாதது ஜனவரியில் நடந்ததுதான். 2026க்கான புதிய விகிதங்களைக் கணினியில் ஏற்றியபோது, அதே அண்ணனை மறுபடியும் 60க்குக் கீழ்ப்பட்டவர்களின் வரிசையில் போட்டு, இரு பங்கும் சேர்த்து 25 விழுக்காட்டுக்குப் பதிலாக 34 விழுக்காடு கணக்கிட்டிருந்தார்கள். 750 வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் 1,020 வெள்ளி. நானே வரி வரியாகப் பார்த்ததால் அனுப்புவதற்கு முன் தடுத்து நிறுத்த முடிந்தது. மூன்று மாதங்களாக எதைச் சரிபார்த்தார்கள்? அந்த மனிதரின் பிறந்த ஆண்டை ஒரே ஒருமுறை திருத்துவதற்கு எத்தனை பேருடைய அனுமதி வேண்டும்?

இனி இவர்களை நம்பிப் பயனில்லை, நானே விண்ணப்பிக்கிறேன், ஏழு மாதச் சம்பளச் சீட்டுகளையும் கணக்கு விவரங்களையும் அனுப்புங்கள் என்று கேட்டேன். பழைய கோப்புகளை எடுத்துத் தர மாதத்துக்கு 40 வெள்ளி வீதம் 280 வெள்ளி கட்டணம் என்று பதில் வந்தது. சம்பளப் பதிவேடுகளை இரண்டு ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டியது முதலாளியான என் சட்டப் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நிறைவேற்றத்தான் அவர்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்தேன். அவர்கள் செய்த பிழையைத் திருத்த, என் ஊழியருடைய சம்பளச் சீட்டையே நான் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம்! பிரதிகள் என்னிடமே இருக்கும்படி நான் பார்த்துக்கொள்ளாதது என் குற்றம்தான், அதை மறைக்கவில்லை. அதற்காக இப்படிப் பிடுங்குவதா?

கடைசியில் உதவியவர் அந்த அண்ணன்தான். வாட்ஸ்அப்பில் வந்த ஒவ்வொரு சீட்டையும் மகளிடம் சொல்லி அச்செடுத்து, ஒரு பிஸ்கட் டின்னில் மாத வாரியாக அடுக்கி வைத்திருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தார். நள்ளிரவு வரை உட்கார்ந்து, ஏழு மாதங்களுக்கும் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினேன். மார்ச் மாதப் பணத்துக்கான கெடுவுக்கு இன்னும் ஏழு வாரங்களே மீதம் இருந்தன. மறுநாள் காலை அந்த நிறுவனத்திடமிருந்து பிப்ரவரி மாதத்துக்கான 180 வெள்ளிக் கட்டணச் சீட்டு வந்தது, 14 நாளுக்குள் கட்டாவிட்டால் தாமதக் கட்டணம் என்ற குறிப்போடு. ஒரு காசும் தர மாட்டேன் என்று பதில் எழுதிவிட்டு, நிறுவனங்கள் அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படுத்தும் கார்ப்பாஸில் அவர்களுக்குக் கொடுத்திருந்த அனுமதியை நீக்கிவிட்டேன்.