கண்டெடுத்தவருக்கு என்ன பங்கு?

அமெரிக்க எண்ணெய் நிறுவனமான கல்ஃப் ஆயில் கம்பெனியின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனசு பட்டில்லோ ஹிக்கின்ஸிடம்தான் போய் நிற்கிறது. டெக்சாஸில் பியூமாண்ட் ஊருக்கு வெளியே ஸ்பிண்டில்டாப் என்று ஒரு மேடு. அதற்கடியில் எண்ணெய் இருக்கிறது என்று 1890களிலேயே அடித்துச் சொன்னவர் அவர். ஒரு கையை இழந்தவர், தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு எடுத்தவர். நிலவியல் படித்தவர்கள் அவர் பேச்சைச் சட்டை செய்யவில்லை. 1892இல் அவர் கூட்டாளிகளோடு தொடங்கிய கம்பெனி தோண்டியதில் ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் அவரே வெளியேற வேண்டியதாயிற்று.

அங்கே தோண்ட ஆள் தேடி ஹிக்கின்ஸ் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து வந்த பொறியாளர் அந்தோனி லூக்கஸுக்கும் பாதியில் பணம் தீர்ந்துபோனது. அப்போதுதான் பிட்ஸ்பர்க்கின் வங்கிக் குடும்பமான மெலன்களின் பணத்தோடு எண்ணெய்த் தொழில்காரர்கள் ஜேம்ஸ் கஃபியும் ஜான் கேலியும் உள்ளே வந்தார்கள். புது ஒப்பந்தத்தில் லூக்கஸுக்கு எட்டில் ஒரு பங்கு, ஹிக்கின்ஸுக்கு ஒன்றுமில்லை. 1901 ஜனவரி 10 அன்று எண்ணெய் 150 அடி உயரத்துக்குப் பீறிட்டது. அதை அடக்க ஒன்பது நாள் பிடித்தது. பிறகு கஃபியையும் ஓரங்கட்டிவிட்டு 1907இல் மெலன்கள் உருவாக்கியதுதான் கல்ஃப் ஆயில். ஹிக்கின்ஸ் வழக்குப் போட்டுச் சமரசத்தோடு முடித்துக்கொண்டார். அதே மேட்டில் அவருக்குத் தனியாக ஒரு துண்டு குத்தகை நிலம் இருந்ததால் தப்பித்தார்.

ரிச்சர்ட் பெர்ரிக்கு அந்தத் துண்டு நிலம்கூட இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸின் கறுப்பினப் பாடகர். ‘லூயி லூயி’ அவர் எழுதியது, 1957இல் வெளியானது. ஊரில் விட்டுவந்த காதலியை நினைத்து ஒரு மாலுமி மதுக்கடைக்காரரிடம் புலம்பும் பாட்டு. கல்யாணச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்ததால் 1959இல், வானொலி உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு, இந்தப் பாட்டையும் வேறு நான்கையும் சேர்த்து 750 டாலருக்கு விற்றார்.

1963இல் போர்ட்லாண்டில் கிங்ஸ்மென் என்ற இளைஞர் குழு சொற்பச் செலவில் அதைப் பதிவு செய்தது. மைக் உயரத்தில் தொங்கியதால் குழுவின் பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து கத்திப் பாடினார். ஒரு சொல் புரியாது. ஓரிடத்தில் அவசரப்பட்டு முன்னாலேயே பாட ஆரம்பித்துவிடுவார், அதையும் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் கரடுமுரடுதான் கராஜ் ராக் என்ற, பட்டை தீட்டாத ராக் இசையின் உயிர் என்பேன். அமெரிக்காவின் பிரபலப் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்ற புகாரில் எஃப்பிஐயே விசாரித்து, என்ன பாடுகிறார் என்று புரியவில்லை என முடித்தது.

இத்தனை நடந்தும், 1980களில் பெர்ரி அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டு தாயார் வீட்டில் இருந்தார். ஒரு மதுபான விளம்பரத்துக்குப் பாட்டு தேவைப்பட்டு, அவர் கையெழுத்து வேண்டும் என்று தேடி வந்தபோதுதான் வழி பிறந்தது. வழக்கறிஞர்கள் தலையிட்டு உரிமையில் அவருக்குப் பங்கு கிடைத்தது. கிங்ஸ்மென் குழுவும் நீதிமன்றத்தில் போராடி 1998இல்தான் தங்கள் ஒலிப்பதிவு உரிமையை மீட்டது.

“விருப்பப்பட்டுத்தானே விற்றார், அப்புறம் என்ன?” என்று கேட்பார்கள். கல்யாணத்துக்குப் பணமில்லாதவரின் கையெழுத்தை முழு விருப்பம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. 1978க்குப் பிறகு எழுதிக்கொடுத்த உரிமையை 35 வருடம் கழித்துத் திரும்பக் கேட்கலாம் என்கிறது அமெரிக்கச் சட்டம். அந்தக் காத்திருப்பு மிக நீளம். பாட்டு எதிர்பாராத அளவு சம்பாதித்தால், பத்து வருடத்துக்குள்ளாவது எழுதியவருக்குப் பங்கு போய்ச் சேர வேண்டும். எவ்வளவு மலிவாக விற்றிருந்தாலும் சரி.