முட்டியில் வலி, காரணம் இடுப்பில்

மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகும் முட்டி வலித்தால் கிருமித்தொற்று, செயற்கை மூட்டு தளர்வது என்று இரண்டை மட்டும் சொல்லிக் கட்டுரையை முடித்துவிட்டீர்கள். அவற்றை முதலில் பார்க்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தும் வலிக்கிறவர்கள் இருக்கிறார்களே?

என் பெரியம்மாவுக்கு அப்படித்தான். "புது மூட்டு பழக நாளாகும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வேறொரு மருத்துவர் காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். தேய்ந்திருந்தது இடுப்பு மூட்டு! இரண்டு மூட்டுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் இடுப்பின் வலி முட்டியில் தெரியுமாம். முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தினாலும் இதே கதைதான்.

பலர் கவனிக்காதது இன்னொன்று. முட்டியின் உட்புறத்திலிருந்து முன்பக்கத் தோலுக்கு வரும் சிறு நரம்பு, அறுவைக் கீறலில் அறுபடலாம். பெரும்பாலோருக்குத் தழும்புக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துப்போவதோடு சரி. சிலருக்கு அறுபட்ட முனையில் முடிச்சு வளர்ந்து, புடவை உரசினாலே சுரீரென்று வலிக்கும். வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்ட முடிந்தால், அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். வலி அடங்கினால் நரம்புதான் காரணம் என்பதற்கு அது நல்ல தடயம்.

செயற்கை மூட்டின் உலோகத்தில் இருக்கும் நிக்கல் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் வலிக்கிறது என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அந்த நிக்கல் ஒவ்வாமை அரிது. மற்றதையெல்லாம் விலக்கிய பிறகு யோசிக்க வேண்டியது. காரணம் பிடிபடாமல் செய்யும் மறு அறுவையில் பலன் குறைவு என்பதையும் நீங்கள் எழுதியிருக்கலாம்.