கடைசி விலை என்ன அண்ணை?

வானை விற்கப்போகிறேன் என்று வாய்விட்டதிலிருந்து போனுக்கு ஓய்வில்லை. வாகனத்தைப் பார்க்காமலே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கடைசி விலை என்ன அண்ணை?" முதல் விலையே இன்னும் பேசவில்லையப்பா!

டொயோட்டா ஹைஏஸ் டீசல் வான், 3எல் ரக எஞ்சின். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் தம்புள்ளைக்கும் மரக்கறி ஏற்றி ஓடியது. மீற்றர் 4 லட்சம் கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. ஒளிக்காமல் அதைச் சொன்னால் உடனே முகம் மாறுகிறது. புரோக்கர் ஒருவர் காதருகே வந்து, "தம்பி, மீற்றரை ஒண்டரை லட்சத்துக்குக் கொண்டுவந்து தாறன், அப்ப விலை போகும்" என்கிறார். நல்ல கதை!

டீசல் வானில் மீற்றரைவிடப் பார்க்க வேண்டியவை எத்தனையோ. காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம். ஒயில் மூடியைத் திறந்து, புகை தள்ளுகிறதா என்று பார்க்கலாம். டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேட்கலாம், பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை. ரயரைக் காலால் உதைக்கிறார்கள், கதவை அடித்துச் சாத்துகிறார்கள், பின்பக்கம் வெங்காயச் சருகைக் கண்டுவிட்டு "சாமான் ஏத்தின வான் போல" என்கிறார்கள். சாமான் வானில் பிறகென்ன, கலியாணப் பொம்பிளையையா ஏற்றுவது?

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இதே வானைக் கேட்டு வீட்டுக்கே வந்தார்கள். இப்போது "இறக்குமதி திறந்திட்டுது, விலை விழும்" என்று எனக்கே பாடம். திறந்தது உண்மைதான். புது வானுக்கு வரி எவ்வளவு என்று விசாரித்துவிட்டு வாருங்கள், பிறகு கதைப்போம்.

நேற்று வந்தவர் காசே தரமாட்டாராம். பழைய ஓட்டோ ஒன்றும் லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்) ஒன்றும் மாற்றுக்குத் தருவாராம்.