கணக்குக் கேட்பது கிராம சபையின் வேலைதான்

அண்ணே, "ஊராட்சிக் கணக்கைத் தணிக்கைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், கிராம சபை தெருவிளக்குப் புகார் சொல்லத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 3-ன்படி ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தர வேண்டியதே கிராம சபைதான். திட்ட வேலைகள் எந்த அளவில் நிற்கின்றன என்று ஆய்வு செய்வதும் அதன் பொறுப்பு.

நம் கடற்கரை ஊர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. குடிநீர்த் தொட்டிப் பராமரிப்பு என்று செலவு காட்டியிருக்கிறார்கள், குழாயடியில் குடங்கள் காலியாகவே வரிசையில் கிடக்கின்றன என்றால், எந்தத் தொட்டிக்கு, எந்த மாதம் என்று சபையில் கேளுங்கள். கேள்வியைப் பதிவேட்டில் எழுதவும் சொல்லுங்கள்.

அப்புறம், நம் கடற்கரையில் தொண்டியும் மண்டபமும் பேரூராட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் கணக்குக் கேட்க வேறு வழி இருக்கிறது: தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.