ஒரே கல், ஒரே ஐஸ்

2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் கர்லிங் போட்டிக்குப் போயிருந்தேன். பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடம். கீழே மளிகைக் கடை, மேலே ஐஸ் அரங்கம். ஒரு தடத்தில் ஆண்கள் ஆட்டம், ஒட்டினாற்போல் பக்கத்துத் தடத்தில் பெண்கள் ஆட்டம். கர்லிங் போட்டி என்றால் இப்படித்தான் நடத்த வேண்டும் என்று அன்று மனதில் பட்டது. இன்றும் அதையேதான் சொல்வேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக: அணிக்கு நாலு பேர். ஏறக்குறைய 45 மீட்டர் நீளமுள்ள ஐஸில் கைப்பிடி வைத்த கிரானைட் கல்லைச் சறுக்கி விடுவார்கள். மறுகோடியில் வரைந்த வட்டத்தின் நடுவுக்கு எந்த அணியின் கல் நெருக்கமோ அதற்குப் புள்ளி. எதிரணிக் கல்லை அடித்து வெளியே தள்ளலாம், நம் கல்லை இன்னொன்றின் பின்னால் ஒளித்தும் வைக்கலாம். கேரம் ஆடியவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.

அந்தக் கல் 20 கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆணுக்கும் அதே கல், பெண்ணுக்கும் அதே கல். குண்டு எறிதலில் ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. கிரிக்கெட்டில் பெண்களுக்குப் பந்தே எடை குறைவு. கர்லிங்கில் கல், தூரம், வட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை எதிலும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஓடும் கல்லுக்கு முன்னால் ஐஸை ஆண்கள் பிரஷ்ஷால் தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் இழுபடும், அது உண்மை. ஆனால் கல்லை விடும்போது மணிக்கட்டில் கொடுக்கும் அந்தச் சின்னத் திருப்பத்துக்கு என்ன பலம் வேண்டும்?

எனக்கு நேர் எதிரே ஒரு பெண் முழங்கால் ஐஸை உரசுகிற அளவுக்குத் தாழ்ந்து சறுக்கி வந்து கல்லை விட்டாள். கல் உறுமிக்கொண்டே போனது. மறுமுனையிலிருந்து அணித்தலைவி தொண்டை கிழியக் கத்த, இரண்டு பேர் குனிந்து தேய்த்துக்கொண்டே கூட ஓடினார்கள். வழியில் காவலுக்கு நின்ற கல்லை விரற்கடை இடைவெளியில் தாண்டி, அதன் பின்னால் வளைந்து போய் உட்கார்ந்தது. பக்கத்துத் தடத்தில் தன் முறைக்குக் காத்திருந்த ஆண் வீரர் ஒருவர் பிரஷ்ஷால் ஐஸைத் தட்டிப் பாராட்டினார். இரண்டு ஆட்டமும் ஒரே கூரைக்குக் கீழே நடந்ததால்தானே இதைப் பார்க்க முடிந்தது!

நான் பார்த்த போட்டி கிராண்ட் ஸ்லாம் என்கிற கர்லிங் தொடரில் ஒன்று. அந்தத் தொடரே 2001இல் ஆண்களுக்கு மட்டும் என்றுதான் தொடங்கியது. பெண்கள் பிறகுதான் வந்தார்கள். ஆனால் கனடாவின் தேசியப் போட்டிகள் இன்னும் தனித்தனி. ஆண்களுக்கு 1927 முதல் பிரையர், பெண்களுக்கு ஸ்காட்டீஸ். வேறு ஊர், வேறு வாரம். பரிசுப் பணத்தைச் சமமாக்கவே 2020 வரை ஆயிற்று.

ஒன்றாக வைத்தால் டிவியில் நல்ல நேரமெல்லாம் ஆண்களுக்கே போய்விடும், தனியாக நடந்தால்தான் பெண்களுக்கு முழு வாரமும் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயமான பயம்தான். அப்படியென்றால் நேரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்போம். ஒரு வருடமாவது பிரையரையும் ஸ்காட்டீஸையும் ஒரே ஊரில் ஒரே வாரம் வைத்துப் பார்க்கட்டும். எந்த ஊராக இருந்தாலும் சரி, லீவு போட்டுவிட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவேன்.