ஐந்து நட்சத்திரமும் வரவேற்பு மேசையோடு சரி

"ரிவியூ எல்லாம் நல்லாத்தான் இருக்கு அக்கா, செய்யலாமா?" என்று இன்பொக்ஸில் கேட்கும் தங்கச்சிமார் கூடிக்கொண்டே வருகிறார்கள். மூக்கு, தாடை, வயிற்றுக் கொழுப்பு என்று ஆளுக்கொரு அழகுச் சத்திரசிகிச்சை. செய்யலாமா கூடாதா என்று சொல்ல நான் யார்? உங்கள் முகம், நீங்கள் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. ஆனால் ரிவியூவை நம்பி கிளினிக்கைத் தெரிவு செய்யாதீர்கள் என்று மட்டும் அடித்துச் சொல்வேன்.

ஹட்டனில் ஒரு தங்கச்சி போனை நீட்டிக் காட்டினார். "ஸ்டாஃப் ரொம்ப அன்பு", "இடம் படு சுத்தம்", "டொக்டர் சிரிச்சுப் பேசுறார்". இறங்கிக்கொண்டே போனோம். தையல் எப்படி ஆறியது, மூச்சு விடுவதில் சிரமம் வந்ததா என்று ஒரு வரிகூட இல்லை. பெரும்பாலானவர்கள் சிகிச்சை முடிந்த சூட்டோடு எழுதியவர்கள். மூக்குச் சத்திரசிகிச்சையின் வீக்கம் முழுசாக வடிய ஒரு வருடம்கூட ஆகும். தழும்பு தேறி மங்கவும் மாதக்கணக்காகும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது தடித்து மேடாக வளரும் வாய்ப்பும் அதிகம். முதல் வாரத்தில் எழுதியவருக்கு இதில் எது தெரிந்திருக்கும்?

"முன், பின்" படங்களும் அப்படித்தான். தாடையைக் கொஞ்சம் தூக்கி, வெளிச்சத்தை முன்னாலிருந்து அடித்தால் என் இரட்டைத் தாடையும் காணாமல் போகும், கத்தியே தேவையில்லை.

காசுக்கு எழுதுவது வேறு கதை. அமெரிக்காவில் லைஃப்ஸ்டைல் லிஃப்ட் என்ற முகச் சத்திரசிகிச்சை நிறுவனம், தன் ஊழியர்களையே திருப்தியடைந்த நோயாளிகள் போல இணையத்தில் எழுத வைத்தது. 2009இல் நியூயோர்க் சட்டமா அதிபரிடம் மாட்டி 3 இலட்சம் டொலர் கட்டியது. பொய் ரிவியூவை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதியை அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு 2024இல்தான் கொண்டுவந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய யோசனை, எழுதாமல் விட்டவர்களைப் பற்றித்தான். நம் பக்கம் ஒரு தோட்டத்தில் தும்மினால் அடுத்த டிவிஷனில் கேட்கும். வீட்டுக்குச் சொல்லாமல் கொழும்புக்குப் போய்ச் செய்துகொண்ட பிள்ளை, மூக்கு கோணிவிட்டது என்று சொந்தப் பெயரில் கூகுளில் எழுதுமா? "இருந்த மூக்குக்கு என்ன குறை" என்று மாமி கேட்பார் என்ற பயமே வாயை மூடிவிடும். ஆக, நல்லது நடந்தவரின் குரல்தான் நமக்குக் கேட்கிறது.

சரி, வேறு எதைப் பார்ப்பது? வைத்தியரின் முழுப் பெயரைக் கேளுங்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்தானா என்று பாருங்கள். எம்பிபிஎஸ் முடித்தவர் எல்லோரும் அந்த நிபுணர் இல்லை. இடத்துக்கும் பதிவு வேண்டும். தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மயக்க மருந்து கொடுப்பது யார் என்றும் கேளுங்கள். பியூட்டி பார்லரில் "சின்ன ஊசிதான்" என்று ஃபில்லர், அதாவது முகத்தை உப்பவைக்கத் தோலுக்கடியில் ஏற்றும் ஜெல், போட வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அது தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் கண் பார்வையே போகலாம்.

அப்புறம், மலையில் இருக்கும் நமக்கென்றே ஒரு கேள்வி உண்டு. ரிவியூ எழுதிய, கொழும்புக்குப் பக்கத்துத் தெஹிவளைக்காரர் தையல் வீங்கினால் ஆட்டோ பிடித்து கிளினிக்குக்குப் போய்விடுவார். பொகவந்தலாவையில் இராத்திரி காய்ச்சல் வந்தால், மழைக்கு மண்சரிந்து பாதையும் மூடியிருந்தால், நாம் போவது டிக்கோயா வைத்தியசாலைக்கு. என்ன செய்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று அங்குள்ள டொக்டருக்கு எப்படித் தெரியும்? அதனால் காசு கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: டயக்னோசிஸ் கார்ட் எழுதித் தருவீர்களா, இராத்திரி அழைத்தால் போனை எடுப்பது டொக்டரா, ரிசப்ஷன் பிள்ளையா? மழுப்பினால் அட்வான்ஸ் கட்டாமல் பஸ் ஏறிவிடுங்கள்.

செய்து ஒரு வருடம் தாண்டியவர்கள் இருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். பெயர் வெளியே வராது.