41 விநாடியும் 52 நிமிடமும்

போன வருடம் மார்ச் கடைசியில் பெங்களூரில் எங்கள் அல்சூர் வீட்டில் ஒரு வாக்குவாதம். சனி 29ஆம் தேதியே மீனத்துக்குப் பெயர்ந்தாகிவிட்டது என்று மாமா செல்போனைக் காட்டினார். அம்மா புதுப் பாம்புப் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அதெல்லாம் இல்லை, அடுத்த வருஷம் மார்ச் 6தான். திருநள்ளாற்றிலும் அன்றைக்குத்தான்" என்றார். பஞ்சாங்கக் கணக்கில் இரண்டு வகை உண்டு. மாமா பார்த்தது திருக்கணிதம், அம்மா பார்த்தது வாக்கியம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வருடம். எட்டாவது படிக்கும் மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சனி ஒண்ணுதானே இருக்கு? எங்க இருக்குன்னு வானத்துல பார்த்துட்டா முடிஞ்சுபோச்சே!"

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமே என்று தேட ஆரம்பித்தவன் ஒரு வருடமாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் வாக்கியம் என்ற சொல்லுக்கே எனக்கு அர்த்தம் தெரிந்திருக்கவில்லை. அது நிஜமாகவே வாக்கியம்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் என்று வைத்துக்கொண்டு, கோள்களின் இருப்பிடத்தைச் சின்னச் சின்ன வாக்கியங்களாகக் கட்டியிருக்கிறார்கள். நிலாவுக்கு மட்டும் 248, நாளுக்கு ஒன்று வீதம். மனப்பாடமாகத் தெரிந்தவருக்குச் சுவடி தேவையில்லை. 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஜான் வாரன் என்ற அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து, அந்த ஆண்டு மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பேனா இல்லை, காகிதம் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி, கூட்டி, கழித்து, நினைவிலிருந்தே முழுக் கணக்கையும் முடித்தார். சென்னை வானாய்வகத்தில் பொறுப்பு வகித்தவர் வாரன். அதை அவர் எழுதிவைத்திருக்கிறார். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கைக்கு ஒரு சோழிக் குவியலும் தலைக்குள் ஒரு வானமும் இருந்திருக்கிறது அந்த மனிதருக்கு.

இந்தச் சேதியின் இன்னொரு வடிவம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீல் கதை. 1761இல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, கப்பலிலேயே அந்த நாள் கழிந்தது. அடுத்த கடப்புக்காக எட்டு வருடம் கீழ்த்திசையிலேயே காத்திருந்தார். 1769 ஜூனில் புதுச்சேரியில் சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடிக்கொண்டது. ஆனால் அங்கே இருந்தபோது நம் ஆட்களிடம் கணக்கு கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழர் கணக்கு 41 விநாடிதான் பிசகியது. அப்போது ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான டோபியாஸ் மேயருடையது 68 விநாடி பிசகியது.

சரி, பெருமைதான். எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த ஃபார்வர்டில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. வாரன் பார்த்த அந்த 1825 சோழிக் கணக்கில் கிரகணம் ஆரம்பிக்கும் நேரம் 4 நிமிடம் பிசகியது, நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். 41 விநாடியைப் பகிர்கிறவர்கள் இந்த 52 நிமிடத்தைச் சொல்வதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. கிரகணத்தன்று வெளியே நின்று தன் கணக்கைச் சரிபார்த்தவருக்கு அந்தப் பிசகுதான் அடுத்த வேலை. அதை மறைத்தால் அவர் பட்ட பாட்டையே மறைத்ததாகிவிடும்.

கேரளத்தில் பாரதப்புழைக் கரையில் பரமேஸ்வரர் என்று ஒருவர் இருந்தார். 55 வருடம் கிரகணங்களைப் பார்த்தார். பழைய கணக்கு சொன்ன நேரத்துக்கும் கண் பார்த்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பழைய எண்களைத் திருத்தி, 1431இல் புது முறை எழுதினார். பெயர் த்ருக்கணிதம். த்ருக் என்றால் பார்வை. திருக்கணிதத்தில் உள்ள 'திருக்' அதுதான், தெய்வீகம் என்ற பொருளில் வரும் திரு இல்லை. இத்தனை நாளாக நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அதனால் பெரிய சிந்தனையாளர்களைப் பற்றி என் எண்ணமே மாறிவிட்டது. பள்ளியில் கெப்ளரின் மூன்று விதிகளை எழுதி மதிப்பெண் வாங்கினோம். அவர் அவற்றைக் கண்டுபிடித்த பாட்டை யாரும் சொல்லவில்லை. டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகி தொலைநோக்கி வருவதற்கு முன்பே, வெறும் கண்ணால், இருபது வருடத்துக்கு மேல் கோள்களை அளந்துவைத்தார். 1601இல் அவர் இறந்ததும் அந்தக் குறிப்புகள் கெப்ளர் கைக்கு வந்தன. செவ்வாயின் பாதையை வட்டத்துக்குள் அடக்கக் கெப்ளர் வருடக்கணக்கில் போராடினார். கிட்டத்தட்ட எல்லாம் பொருந்திவிட்டது. ஓரிடத்தில் மட்டும் 8 கலை வித்தியாசம். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு கலை. முழுநிலாவின் அகலம் சுமார் 30 கலை. அதில் கால்வாசி. வேறு யாராவது இருந்தால் "டைக்கோ அன்றைக்குச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்" என்று முடித்திருப்பார்கள். டைக்கோ அவ்வளவு தவறு செய்கிறவர் இல்லை என்று கெப்ளருக்குத் தெரியும். தன் கணக்கைத்தான் தூக்கிப் போட்டார். வட்டம் போனது, நீள்வட்டம் வந்தது. 1609இல் புத்தகமாகவும் வந்தது. அந்த 8 கலைதான் வானியல் முழுவதையும் திருத்த வழி காட்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

புதனின் கதையும் இப்படித்தான். அதன் பாதை நியூட்டன் வழிக் கணக்கைவிட நூறு வருடத்துக்கு 43 விகலை (ஒரு கலையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு விகலை) கூடுதலாகத் திரும்பியது, நிலாவின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சின்னக் கணக்கு 1915இல் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டிலிருந்து தானாக வந்து நின்றபோது நெஞ்சு படபடத்துப்போனதாம் அவருக்கு.

நம்மிடமும் அந்தப் பிடிவாதம் தொடர்ந்து வந்திருக்கிறது. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். பஞ்சாங்கத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று வாதாடி, தானே திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். அந்த நுங்கம்பாக்கம் வானாய்வகம்தான் 1899இல் கொடைக்கானலுக்குப் போனது. அதன் வாரிசு இன்று கோரமங்கலாவில் இந்திய வானியற்பியல் நிறுவனமாக இருக்கிறது. நான் தினமும் பஸ்ஸில் அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். பத்து வருடமாக அது ஏதோ அரசாங்க அலுவலகம் என்றுதான் எண்ணியிருந்தேன்.

இந்த ஏப்ரல் 24 பெங்களூரில் நிழலில்லா நாள். அன்று நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நேராக நிற்பவற்றின் நிழல் மறையும். நாமும் ஒன்று அளந்து பார்க்கலாம் என்று மகள் சொன்னாள். கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் 2,200 வருடத்துக்கு முன்னால் தெற்கு வடக்காக இரண்டு ஊர் நிழலை வைத்துப் பூமியை அளந்தார். நாங்கள் கிழக்கு மேற்காக. என் தம்பி சென்னை வியாசர்பாடியில் இருக்கிறான். அங்கேயும் அன்றைக்குத்தான் நிழல் மறையும், ஆனால் சீக்கிரமாக. மொட்டை மாடியில் ஒரு மீட்டர் பிவிசி குழாயை, மேஸ்திரியிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டை வைத்து நேராக நிறுத்தினோம். பன்னிரண்டு மணிக்கு மேல் வெயில் குழாய்க்குள் பிறை மாதிரி இறங்கியது. பிறை தடித்துக்கொண்டே வந்து, அடியில் முழு வட்டமாக விழுந்ததும் "இப்போ!" என்று கத்தினாள். 12.17. தம்பி முன்பே எழுதி அனுப்பியிருந்தான், 12.07.

பத்து நிமிடம். இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டில் 290 கிலோமீட்டர். பத்து நிமிடத்துக்கு 290 என்றால், பூமி ஒரு சுற்று சுற்றும் ஒரு நாளின் 1440 நிமிடத்துக்கு 41,760 கிலோமீட்டர். நம் அட்சரேகையில் பூமியின் சுற்றளவு சுமார் 39,000.

நான் சந்தோஷத்தில் துள்ளினேன். அவள் துள்ளவில்லை. நோட்டில் கழித்துப் பார்த்துவிட்டு, "2,760 ஏன்பா ஜாஸ்தி வந்துச்சு?" என்றாள். விநாடி எழுத இரண்டு பேருமே மறந்திருந்தோம். பத்து நிமிடத்தோடு ஒரு நாற்பது விநாடி சேர்ந்திருந்தால் கணக்கு சரியாக வந்திருக்கும். ஆகஸ்ட் 18 மறுபடியும் நிழல் மறையும். மேகம் இல்லாமல் இருக்க வேண்டும். விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று சித்தப்பாவுக்கு வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.